இலுப்பை மரத்து ஜன்னல்

மருதங்கரை வாசகசாலையின் கதவு பச்சையா நீலமா என்பதில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. தாமிரபரணி வெள்ளம் அந்தக் கதவை அடித்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. கதவு மட்டுமா, கட்டடமே போய்விட்டது. ஆனாலும் பச்சைக் கட்சிக்காரர்களும் நீலக் கட்சிக்காரர்களும் டீக்கடையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் திரிந்தார்கள். கடைசியில் கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் கதவின் ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் நீலம். தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று, உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்று. இரண்டு கட்சியும் சரி என்று ஆனதும் சண்டைக்கு விஷயமில்லாமல் ஊரே சப்பென்று ஆகிவிட்டது.

கூடம் என்றால் நினைவுக்கூடம். நகராட்சியின் பழைய கல்யாண மண்டபத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அமைத்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, சுவரோரமாக ஃப்ரிட்ஜ் மாதிரி முனகிக்கொண்டு நிற்கும் ஓர் எந்திரம், அவ்வளவுதான். பட்டையைக் கட்டிக்கொண்டு வாசகசாலையை நினைத்தால் போதும். வாயால் சொல்லத் தெரியாததையும் எந்திரம் வாங்கிக்கொள்ளும். வாசகசாலையில் கால் வைத்தவர்கள், வைத்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் எல்லோரும் வந்து கொடுத்தார்கள். கொடுத்ததையெல்லாம் ஒன்றோடு ஒன்று பொருத்தி, நூறு வருடக் கட்டடத்தை எந்திரம் மறுபடியும் எழுப்பியது. பிறகு பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினால் உள்ளே போய் நடக்கலாம், உட்காரலாம், அலமாரியைத் திறக்கலாம்.

ஆவுடைநாயகி தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள். எதற்கும் லேசில் அசைந்துகொடுக்காத மனுஷி என்று பேர். அவளே முதல் முறை உள்ளே போனபோது வாசற்படியில் நின்று அழுதுவிட்டாள். படிக்கு வலது பக்கம் செருப்புகள் கிடந்தன. எந்தச் செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இறந்துபோனவர்களின் செருப்புகளும் அங்கே இருந்தன.

உள்ளே எல்லாம் சரியாகவும் இருந்தது, சரியில்லாமலும் இருந்தது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டே இருந்தது. கிழக்கு ஜன்னலில் சித்திரை வெயில் அடித்தது. அங்கங்கே உட்கார்ந்து படித்தவர்கள் மனதில் அப்படித் தங்கியிருந்தது போல. யாரும் கை நீட்டாத மேல்தட்டுகள் பனி மூடிக் கிடந்தன. கூரையில் ஒரே ஓர் இடம் மட்டும் ஓடு ஓடாகத் துலங்கியது. அதற்கு நேர் கீழே உள்ள பெஞ்சில்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலர் மல்லாந்து படுப்பது வழக்கம். ஆற்று வெளிச்சம் சுவரில் ஏறி ஆடிக்கொண்டிருந்தது. நூலகர் அருணாசலம் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டி, சத்தம் போடுகிறவர்களைப் பார்த்து "ம்ஹ்ம்" என்றார். அவர் வேறு எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் கூடத்திலும் அவர் அதை மட்டுமே சொன்னார்.

ஆட்களும் இருந்தார்கள். ஆனால் முகங்கள் குறைவு. குனிந்த தலைகள், புரட்டும் விரல்கள், மேசைக்கு அடியில் ஆடும் கால்கள், இவைதான் அதிகம். வாசகசாலையில் எல்லோரும் புத்தகத்தைத்தானே பார்த்தார்கள்?

ஆவுடை மூன்றாவது அலமாரியைத் தாண்டி, இலுப்பை மரத்தை ஒட்டிய ஜன்னலுக்குப் போனாள். அவள் உட்காரும் மேசை இருந்தது. மேசையோரம் அவள் நாற்காலி இருந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அவள் பயந்துபோனாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் பெயர் தாமோதரன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுத அரசாங்கம் அனுப்பிய சின்ன இன்ஜினியர். லாட்ஜில் தங்கி, கிளப்புக் கடையில் சாப்பிட்டு, பொழுது போக வாசகசாலைக்கு வருவான். ஆவுடைக்கு அப்போது இருபது வயது. டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்ததும் வாசகசாலையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போக அவளுக்கு அனுமதி இருந்தது.

வாசகசாலையில் பேசக்கூடாது. பேசினால் "ம்ஹ்ம்". சீட்டு எழுதினால் எவர் கையிலாவது சிக்கும். அதனால் இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாருமே எடுத்துப் படிக்காத ஒரு தடிப் புத்தகம் அங்கே இருந்தது, வாழைச் சாகுபடியைப் பற்றியது. அதை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு, அச்சில் இருக்கிற சொற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அவன் ஒரு சொல், அவள் ஒரு சொல். அடுத்த சொல்லைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். வாழைப் புத்தகம் எழுதியவர் காதலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கன்று, குலை, நிழல், ஈரம், காற்று, முட்டுக் கொடுத்தல் இவ்வளவை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும். சமாளித்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவாள்.

யாருக்கும் தெரியவில்லை. அத்தை மகன் சொரிமுத்து, அவளுக்கென்று பேசி வைத்திருந்தவர், கொஞ்ச காலம் மாவு மில்லில் வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிப்போக வந்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் மாவாக இருப்பதால் உள்ளே வரமாட்டார், வெளியே மரத்தடியில் நிற்பார். பிறகு மில்லில் வேலை கூடிவிட்டது என்று வருவதை நிறுத்திக்கொண்டார். அது ஆவுடைக்கு வசதியாகப் போயிற்று.

தாமோதரனுக்கு மாற்றல் வந்தது. அன்று அவன் கன்று நடும் பக்கத்தைத் திறந்து, பெயர்த்து நட்ட கன்று வேறு மண்ணிலும் நன்றாக வளரும் என்று தொட்டுக் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. வெகுநேரம் தேடி, 'அடுத்த பருவம்' என்ற இடத்தில் விரலை வைத்தாள். அவன் தலையாட்டினான். அடுத்த பருவத்தில் அவன் வரவில்லை. அவளும் தேடிப் போகவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. சொரிமுத்து நல்ல மனிதர். இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆனாலும் அந்த மேசையை ஆவுடை மனதில் ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருந்தாள். ஒரு புகைப்படம் கிடையாது, ஒரு வரி எழுத்து கிடையாது. அவள் தலைக்குள் மட்டும்தான் அது இருந்தது.

கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஜெமிமா என்ற பெண் இருந்தாள். பாளையங்கோட்டைக்காரி, மூளையைப் பற்றிப் பெரிய படிப்பெல்லாம் படித்தவள். ஆவுடை பட்டையை அவிழ்த்த கையோடு அவளிடம் போனாள்.

"எம்மேசைக்கு எதிர்த்தாப்ல ஒரு ஆளு இருந்தாவ. நான் கொடுத்தேம்லா. அவிய எங்க?"

ஜெமிமா திரையைப் பார்த்தாள். "கொடுத்திருக்கீங்கம்மா. ரொம்பத் தெளிவாவே கொடுத்திருக்கீங்க. ஆனா கூடத்துக்குள்ள அது நிக்கல."

"ஏன் நிக்கல?"

"ஒருத்தரோட நினைப்பை மட்டும் நம்பி எதையும் வைக்கிறதில்லம்மா. நினைப்புல பாதி கனவு கலந்திருக்கும். குறைஞ்சது ரெண்டு பேரு பார்த்திருக்கணும். ரெண்டு கோணத்துல பார்த்து, ரெண்டும் பொருந்தினாத்தான் நிக்கும்."

"அப்பம் நான் கனாக் கண்டேங்கியா?"

"நான் சொல்லலம்மா. மெஷினுக்கு வித்தியாசம் தெரியாதுங்கேன்."

ஆவுடை கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆனால் கூடத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. தினமும் போனாள். மேற்கு ஜன்னல் மழையைக் கேட்டாள், பழைய தாளின் வாசனையை மோந்தாள், தன் நாற்காலியில் உட்கார்ந்து வாழைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள். அந்த இடத்தில் இருப்பதே ஒரு சுகம். வெளியே வந்தால் தெரு அரைகுறையாகத் தெரிந்தது. ஊரில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு.

ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது தாமோதரன் எந்த நிறச் சட்டை போடுவான் என்று யோசித்தாள். வரவில்லை. மீசை இருந்ததா? தெரியவில்லை. மேசையை நினைத்தால் மேசை வந்தது, ஜன்னல் வந்தது, எதிர் நாற்காலி காலியாக வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்டபத்துக்கு நடந்தாள்.

ஜெமிமா அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். "உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சா?"

"எனக்குமுன்னா?"

"இன்னும் சில பேரு வந்து சொன்னாங்க. ஒரு நினைப்பை எடுக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதுசா எழுதித்தான் திருப்பி வைக்கும்மா. கூடம் ரொம்பத் துலக்கமா இருக்குதுல்ல, அதைப் பார்த்து எழுதிக்கிடுது. கூடத்துல இல்லாதது..."

"அழிஞ்சிரும்."

"ஆமா."

"இதை முதல்லயே ஏன் சொல்லல?"

"எங்களுக்கே இப்பத்தான் தெரியுது. மேல எழுதிப் போட்டேன். ஊருக்கெல்லாம் ஒரே நினைவா இருந்தா நல்லதுதானே, சண்டை இருக்காதுன்னு பதில் வருது." ஜெமிமாவின் குரல் இறங்கியது. "என்னை மன்னிச்சிருங்கம்மா."

ஆவுடை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போறத நிறுத்திட்டா?"

"மிச்சம் இருக்கிறது இருக்கும். போனது வராது. ரெண்டாவது ஆளு ஒருத்தர் வந்து கொடுத்தா மட்டும் வரும். நீங்க தேடுறவரு கூடத்துக்குள்ள வந்துருவாரு, உங்க மூளையும் அதைப் பார்த்து எழுதிக்கும். ஆனா ஒண்ணு, உங்களுக்கு மட்டும் வராது. உள்ள போற அத்தனை பேரு தலையிலயும் ஏறிரும். நீங்க ரெண்டு பேரும் அங்க உக்காந்திருந்தது ஊருக்கே ஞாபகம் வந்துரும்."

"வந்தா வந்துட்டுப் போகட்டும்," என்றாள் ஆவுடை. இந்த வயதில் தன்னை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்தாள். தன்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தாள்.

அன்றிலிருந்து கூடத்துக்குப் போவதை நிறுத்தினாள். மிச்சம் இருந்தது அவன் விரல் மட்டும். ஆள்காட்டி விரல், நகத்தோரம் மைக்கறை. அதைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேட ஆரம்பித்தாள்.

முதலில் அவன் இலாகாவுக்கு ஃபோன் போட்டாள். சுற்றிச் சுற்றி அலையவிட்டு, கடைசியில் ஒருவர், தாமோதரன் ஓய்வு பெற்று ஊரோடு போய் அங்கேயே காலமாகிவிட்டார் என்றார். ஆவுடை ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதாள். யாருக்காக அழுகிறோமோ அவன் முகம் தெரியாமல் அழுவது பெரிய கொடுமை.

பிறகு வேலம்மாளிடம் போனாள். டைப்ரைட்டிங்கில் கூடப் படித்தவள், வாசகசாலையில் அடுத்த மேசைக்காரி.

"ஆத்து ஆபீசரா? அப்படி ஒருத்தரு வந்தாவளா என்ன?" வேலம்மாள் தாவாங்கட்டையில் கை வைத்து யோசித்தாள். "எனக்கு தொடர்கதை கையில கிடைச்சா பக்கத்துல பொணம் விழுந்தாலும் தெரியாதே, ஏட்டி. ஏன், என்ன விஷயம்?"

"சும்மாதான்."

ஒருவருக்கும் தெரியவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தோம் என்று ஒரு காலத்தில் ஆவுடைக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. அந்தச் சாமர்த்தியமே இப்போது தலையில் வந்து விடிந்தது.

வேலம்மாளைப் பொய்யாக நினைக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் கவுன்சிலர் விஷயம் ஊருக்கே தெரியும். வாசகசாலைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத தன் அப்பாவை நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று கவுன்சிலர் நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு பேரும் வீட்டில் மாட்டியிருந்த ஒரே போட்டோவைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார்கள். நாலு நினைவும் ஒரே கோணத்தில், மாலையோடு வந்து விழுந்தன. எந்திரம் துப்பிவிட்டது. கவுன்சிலர் இன்றைக்கு வரைக்கும் மண்டபத்து வழியாகப் போவதில்லை.

சொரிமுத்துவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவர் கூடத்துக்கே போனதில்லை. "எனக்கு அங்கன என்ன இருக்கு? நான் உள்ள போனதே கிடையாதுல்லா," என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். காலையில் மில், மத்தியானம் சாப்பாடு, மறுபடி மில். சாயங்காலம் வந்து குளித்தாலும் தலையில் இருப்பது நரையா மாவா என்று சொல்ல முடியாது.

ஒரு சாயங்காலம் ஆவுடை பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிக்கவில்லை. விரல் மட்டும் அதுபாட்டுக்கு ஒரு சொல்லைத் தொட்டது, பிறகு கீழே நகர்ந்து இன்னொரு சொல்லைத் தொட்டது, பக்கத்தைப் புரட்டியது. அந்த விரல் எங்கே போனால் மற்றொரு விரல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது சொரிமுத்து துண்டோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"என்ன ஆவுடை, தேடுதே?"

"ஒண்ணுமில்லத்தான்."

"கொஞ்ச நாளா நீ சரியில்ல. சாப்பாட்டுல உப்பு இல்ல, பேச்சுல நீ இல்ல."

"வயசாகுதுல்லா."

அவர் பேப்பரில் அவள் விரல் நின்ற இடத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய்த் துண்டைக் காயப்போட்டார். மறுநாள் காலையில், மில் பெல்ட்டு வாங்கப் போகிறேன் என்று, மில்லைச் சாத்திவிட்டு எங்கோ போனார். மில்லை அவர் சாத்தி ஆவுடை பார்த்ததே இல்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து ஜெமிமா ஃபோன் செய்தாள்.

"ஆவுடையம்மா, வாங்க. ரெண்டாவது ஆளு வந்து கொடுத்தாச்சு."

"யாரு?"

"பேரு சொல்லக்கூடாதும்மா. கொடுத்தவங்களும் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. நீங்க வந்து பாருங்க."

ஆவுடைக்குப் புடவை மடிப்பு கையில் நிற்கவில்லை. ஒரு வழியாகக் கட்டிக்கொண்டு போனாள். மண்டபத்து வாசலில் ஜெமிமா அவளை நிறுத்தினாள்.

"ஒரு விஷயம்மா. நேத்துல இருந்து அந்த ஜன்னல் கிட்ட போற எல்லாருக்கும் தொண்டை அடைக்குதாம். ஏன்னு யாருக்கும் தெரியல. கொடுத்தவங்க மனசும் அதோட ஒட்டிக்கிட்டு வந்திருச்சு. பிரிச்சுப் பார்த்தேன், முடியல."

ஆவுடை பட்டையைக் கட்டிக்கொண்டாள். செருப்புகளைத் தாண்டி, அருணாசலத்தின் "ம்ஹ்ம்"மைத் தாண்டி, மூன்றாவது அலமாரியைத் தாண்டிப் போனாள்.

தாமோதரன் உட்கார்ந்திருந்தான். வெளிர்மஞ்சள் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டது. மீசை இல்லை. ஆள்காட்டி விரல் புத்தகத்தின் மேல் இருந்தது. ஆமாம், இவன்தான், இந்த முகம்தான். அவளுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது, ஆற்றில் தண்ணீர் ஏறுகிற மாதிரி சத்தமில்லாமல் வந்தது.

அப்புறம்தான் அவனுக்கு எதிரே இருந்தவளைப் பார்த்தாள். ஒற்றைப் பின்னல், கனகாம்பரம், வாயைப் பொத்திய கை. கையையும் மீறிக் கண்ணில் வழிகிற சிரிப்பு. ஆவுடை அந்தப் பெண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. சிரித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது, அதை அவள் எந்திரத்துக்குக் கொடுத்தும் இருந்தாள். சிரித்த முகத்தை வேறு ஒருவர் கொடுத்திருக்கிறார். நேர் எதிரே இருந்தல்ல, பக்கவாட்டில் இருந்து, கொஞ்சம் உயரத்தில் இருந்து. அந்தப் பெண் அவ்வளவு அழகாக இருந்தாள். தான் அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை என்று ஆவுடைக்கு நன்றாகத் தெரியும். பார்த்தவர் கண்ணுக்கு அப்படி இருந்திருக்கிறது.

தொண்டை அடைத்தது. இது அவள் துக்கம் இல்லை. அவளுக்குத் தன் துக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். இது வேறு ஒருவருடையது, கோபமே கலக்காதது, எதையோ கையில் இருந்து கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறவருடையது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். இரும்புக் கம்பிகளில், ஒரு ஆள் நின்று பிடிக்கிற உயரத்தில், வெள்ளை வெள்ளையாக விரல் பட்ட தடம். மாவு. அந்தக் காலத்தில் வாசகசாலைக்கு வந்தவர்கள் பல பேர் அதைப் பார்த்திருப்பார்கள். அருணாசலம் துணியை எடுத்துக்கொண்டு வந்து "ம்ஹ்ம்" என்றபடி துடைப்பார். ஆவுடையே தன் முந்தானையில் ஒட்டிக்கொண்டதை ஒருநாள் தட்டிவிட்டிருக்கிறாள். எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை.

கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். இலுப்பை மரம் நின்றது. உதிர்ந்த பூ கிடந்தது. மரத்தடியில் யாரும் இல்லை.

பட்டையை அவிழ்த்ததும் ஜெமிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு வெளிய ஒருத்தர் நிப்பாவ, ஏன் அவிய வரல?"

"அவரை யாரும் பார்க்கலம்மா. கொடுத்தவங்க நினைப்புல அவங்க கண்ணு இருக்கு, கை இருக்கு, அவங்க முகம் எப்படி இருக்கும்? வேற ரெண்டு பேரு பார்த்திருந்தா வருவாரு." ஜெமிமா தயங்கினாள். "நீங்க பார்த்தீங்களா?"

ஆவுடை மறுபடியும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். எத்தனையோ சாயங்காலங்கள். கன்று, குலை, நிழல், ஈரம். மைக்கறை படிந்த விரல். பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் ஜன்னல். ஒரே ஒரு தடவையாவது தலையைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

"இல்ல," என்றாள்.

தெருவில் வேலம்மாள் கீரைக்காரியோடு நின்றுகொண்டிருந்தாள். ஆவுடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஏட்டி, அந்த ஆத்து ஆபீசரு பேரு தாமோதரன்லா? நீயும் அவரும் எந்நேரமும் எதிர் எதிரா உக்காந்து புஸ்தகத்தைத் தடவிக்கிட்டே இருப்பியளே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பமே எனக்குச் சந்தேகம்தான் கேட்டியா." கீரைக்காரி வாசகசாலையைக் கண்ணால் பார்த்தவள் அல்ல, கூடத்துக்குப் போய்வந்தவள். அவளும் சிரித்தாள். ஆவுடைக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்க இனி இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கும். எல்லோரும் அரைக்க வருகிற இடம் மாவு மில். அவர் இதை யோசிக்காமலா வந்து கொடுத்திருப்பார்?

மில்லில் நாலைந்து பேர் டின்னும் சட்டியுமாகக் காத்திருந்தார்கள். சொரிமுத்து கூம்பில் கோதுமையைத் தட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒருத்தி, குரலில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு கேட்டாள். "என்ன அண்ணாச்சி, மைனி அந்தக் காலத்துலயே பெரிய படிப்பாளியாம்லா. தொணைக்கு ஆளு வச்சில்லா படிச்சிருக்காவ."

"ஆமா," என்றார் சொரிமுத்து. "நல்லாப் படிப்பாவ ரெண்டு பேரும்." பையை அவள் கையில் கொடுத்து, "சூடா இருக்கு, ஆறவிட்டுக் கட்டு," என்றார்.

ஆவுடை வாசலில் நின்றாள். பெல்ட்டு ஓடுகிற சத்தத்தில் அவள் கிட்டே வந்துதான் பேச வேண்டியிருந்தது.

"அன்னைக்கு ஏன் அத்தான் உள்ள வந்து ஒரு வார்த்த கேக்கல?"

அவர் என்ன, எப்போது என்று கேட்கவில்லை. கூம்பின் விளிம்பில் கையைத் தட்டினார்.

"உள்ள வந்தா புஸ்தகத்துல மாவு கொட்டிருக்கும்லா."

"இப்பம் ஏன் போய்க் கொடுத்தீய?"

"நீ தேடிக்கிட்டு இருந்தே. பாக்கச் சகிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சட்டியை வாங்கி, உள்ளே கல் கிடக்கிறதா என்று கையை விட்டு அளைந்து பார்த்தார். ஆவுடை போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று அவரைப் பார்த்தாள். புருவத்தில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள், இடது காதோரம் இருந்த வெட்டுத் தழும்பைப் பார்த்தாள், தலையைச் சற்றே சாய்த்து மாவு விழுகிற சத்தத்தைக் கேட்கிற தினுசைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இதையெல்லாம் சேர்த்து வைக்கவில்லையே என்று இருந்தது.

"என்னத்தப் பாக்கே?" என்றார் அவர்.

"உங்களத்தான்."

"நான் என்ன புதுசாவா இருக்கேன்?"

"பாத்து வச்சிக்கிடுதேன் அத்தான்."

அவர் கூச்சப்பட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்ததில் இன்னும் கொஞ்சம் மாவு ஏறியது. சூடான பையை மாரோடு அணைத்துக்கொண்டு கிளம்பியிருந்த அந்தப் பெண், இவள் அப்படி என்னத்தைப் பார்க்கிறாள் என்று வாசலில் நின்று திரும்பினாள். சொரிமுத்துவை மேலும் கீழுமாக ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

ஆக, இரண்டு பேர்.